பொய் நேரத்தில் ஒரு வாரம்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், பாத்திரக் கடைக்கு அடுத்த கட்டடத்தில் அந்தத் தட்டச்சுப் பள்ளி இருந்தது. கீழே பதினோரு தட்டச்சுப் பொறிகள்: ஆங்கிலம் ஏழு, தமிழ் நான்கு. மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பள்ளி உரிமையாளரின் மைத்துனர் அதைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். உரிமையாளர் அதற்குப் பச்சை வெல்வெட் துணி போட்டு மூடி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகையும் மாட்டியிருந்தார். ஊரில் வேறு எங்காவது கம்ப்யூட்டர் இருந்திருக்கலாம். நாங்கள் போய் உட்காரக்கூடிய கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

நாங்கள் என்றால் நானும் என்னோடு படித்த தோழியும். கடலோரத்தில் ஒரு கல்லூரியில் கடைசிப் பருவம். தோழியின் சமூகத்துக்கு இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் சூடுபிடித்ததும் விடுதியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி அலுவலகம் மட்டும் திறந்திருக்கும் என்றார்கள். திட்ட அறிக்கையையும் ஓடுகிற கம்ப்யூட்டர் நிரலையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்த அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். எனக்கு அது தேர்ச்சிக்கான இன்னொரு தாள், அவ்வளவுதான். தோழிக்கு அப்படியில்லை. பெங்களூரில் அரசு ஆய்வகம் ஒன்றிலிருந்து வேலைக்கான உத்தரவு அவள் கைக்கு வந்திருந்தது. இந்தப் பருவத்திலேயே படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்த பருவம். அடுத்த பருவம் என்றால் அந்த வேலை வேறொருவருக்கு.

அவள் ஊர் எலவனாசூர்கோட்டை; அங்கே அப்பாவும், பள்ளியில் படிக்கும் ஒரு தங்கையும். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் என்னோடு கடைவீதிக்கு வருவாள்.

நாங்கள் எழுதியது ஒரு கெர்னல். கம்ப்யூட்டருக்குள் பல வேலைகள் ஒன்றாக ஓடுவதுபோலத் தோன்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும். யார் எப்போது ஓடலாம், யார் எவ்வளவு நேரம் தூங்கிவிட்டு எழ வேண்டும் என்று முறை வைப்பது கெர்னலின் பொறுப்பு. அதற்கு நேரம் தெரிய வேண்டும். அந்த இயந்திரத்துக்குள் ஒரு சின்னச் சில்லு, நொடிக்குப் பதினெட்டு முறைக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஓடிக்கொண்டிருக்கிற வேலையைத் தோளில் தட்டி நிறுத்தும். பாடப் புத்தகத்தில் அதன் பெயர் டைமர் இன்டரப்ட். நாங்கள் தட்டல் என்று சொல்வோம். ஒவ்வொரு தட்டலுக்கும் கெர்னல் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும், யாருடைய தூக்கமாவது முடிந்துவிட்டதா என்று பார்க்கும், முடிந்திருந்தால் எழுப்பும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தூங்குகிறவர்களை எழுப்பும் பகுதி அவளுடையது. அச்சுப்பொறிக்கு வரிகளை அனுப்பும் பகுதி என்னுடையது. இரண்டும் தனித்தனியாக நன்றாக ஓடின. சேர்த்து ஓடவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு வேலை தூங்கப் போய்த் திரும்பி வராது. அதற்காகக் காத்திருக்கிற மற்றதும் நிற்கும். தூங்கி எழும் வேலை ஒவ்வொரு முறையும் திரையில் வைக்கும் புள்ளிகள் வருவது நின்றுவிடும். சில நாள் மூன்று நிமிடத்தில் நிற்கும். சில நாள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு, நாங்கள் நம்பத் தொடங்கியதும் நிற்கும். ஒரே நிரல், ஒரே இயந்திரம், இரண்டு முறை ஒரே இடத்தில் நின்றதில்லை.

"ஒன் பிரிண்டர்தான்டி எதையோ பண்ணுது," என்பாள் தோழி.

"தூங்குனவள எழுப்ப வேண்டியது ஒன் வேல. பிரிண்டர் இன்னா பண்ணும்?"

ஒரு வாரம் இப்படிப் போனது. மாடி ஜன்னல் மேற்கே பார்த்தது. கல்வராயன் மலை கருத்தால் அரை மணி நேரத்தில் ஊரில் மின்சாரம் போகும். அதனால் ஒருத்தி தட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "கருக்குது" என்று சொன்னதும் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் போட்டுவிடுவோம். இப்போதும் மேற்கில் மேகம் இறங்கினால் என் கை எதையாவது சேமிக்கத் தேடுகிறது.

பிறகு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பேருந்துகள் நின்றன. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்ததும், உயிர்கள் போனதும், வீடுகள் எரிந்ததும் எங்களுக்கு அப்போது முழுமையாகத் தெரியாது. பிற்பாடு செய்தித்தாளில் வேலை செய்தபோது பழைய இதழ்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தெரிந்தது, எங்கேயோ மரம் சாய்ந்து கம்பி அறுந்ததில் மின்சாரம் போய்விட்டது என்பதுதான். தோழிக்கு இன்னொன்றும் தெரியும். எலவனாசூர்கோட்டை மறியலில் முன்வரிசையில் அவளுடைய அப்பா இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மாடிக்கு ஏறி, அணைந்துபோன திரையின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே தட்டச்சு ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பொறிக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் ஓசை மெலிந்திருந்தது. கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் யாரும் வரவில்லை. இறங்கிப் பார்த்தோம். ஒரே ஒருத்தி தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் தினக்கூலியாக இருந்தவள். எழுத்தர் தேர்வுக்காகத் தட்டச்சுப் பழக மலையிலிருந்து இறங்கியவள், திரும்ப ஏற பஸ் இல்லாமல் உறவுக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவள். அக்கா என்று கூப்பிட்டோம்.

உரிமையாளர் தன் மேசைக்குப் பின்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் பாய், பள்ளிக்குள் சார். மேசைமேல் ஒரு டைம்பீஸும் பித்தளைக் கைமணியும். நேரம் முடிந்ததும் மணியை அடிப்பார். அடுத்த பிள்ளை வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் விட வேண்டும். ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தாலும் கையில் இருக்கும் வரியை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். "பாதி வரியில எழுந்திருக்கறது பாதி சோத்துல எழுந்திருக்கற மாதிரி," என்பார். நானும் தோழியும் பள்ளி நாட்களில் அங்கேதான் தட்டச்சுப் படித்துத் தேர்ச்சி பெற்றோம். எங்கள் விரல்களுக்கு அந்த வழக்கம் பழகியிருந்தது.

"இன்னாம்மா, மேல மகாராணி தூங்கறாங்களா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரை அவர் அப்படித்தான் சொல்வார்.

"கரண்டு இல்ல சார்."

"என் பொட்டிங்க பதினொன்னும் முழிச்சிக்கினுதான் கீது. வந்து எதனா தட்டுங்க."

தோழி சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். "சார், அந்த மணிய கொஞ்சம் அடிக்க முடியுமா? நான் சொல்ற வரைக்கும் அடிச்சிக்கினே இருக்கணும்."

"இன்னாத்துக்கு?"

"எங்க கெர்னல இங்க ஓட்டிப் பாக்கறோம்."

காரணம் எளிமையானது. இயந்திரத்தின் தட்டல் எங்களுக்காக நிற்காது. அது எந்த வரிக்கு நடுவில் வந்தது என்று பார்க்கப் போனால், பார்ப்பதற்குள் அடுத்த பதினெட்டு வந்துவிடும். கையால் ஓட்டினால் நேரம் நம் பிடியில் இருக்கும். மணி அடித்தால்தான் நேரம் நகரும். அடிக்காவிட்டால் எத்தனை மணி நேரம் யோசித்தாலும் அதே நொடிதான். நாங்கள் அதற்குப் பொய் நேரம் என்று பெயர் வைத்தோம்.

சாரின் கைமணி டைமர். தோழி கெர்னல், கரும்பலகைப் பக்கம் சாக்கட்டியோடு நின்று, ஒவ்வொரு மணிக்கும் எண்ணில் ஒன்று கூட்டுவாள். நான் அச்சு வேலை. ஒரு தட்டச்சுப் பொறியில் உட்கார்ந்து வரிகள் தட்டுவேன். அக்கா தூங்குகிற வேலை. அவளிடம் ஒரு சீட்டில் எந்த எண்ணில் எழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பலகையில் அந்த எண் வந்ததும் எழுந்து ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும்.

"தூங்கறதுக்கு எனக்குக் கத்துக்குடுக்க வேணாம்," என்றாள் அக்கா. "ஆபீஸ்ல இருக்கிறவங்களைப் பார்த்தே படிச்சிருக்கேன்."

ஒரு விதி மட்டும் பாக்கி. நான் ஒரு வரி தட்டத் தொடங்கினால் முடிக்கிற வரை கெர்னல் திரும்பிக்கொண்டு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நிரலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரு வரி அச்சாகும்போது கதவைச் சாத்திவிடுவேன், தட்டல் உள்ளே வராது. வரி முடிந்ததும், இத்தனை தட்டல் தவறியிருக்கும் என்று தெரிந்த எண்ணை மொத்தமாகக் கூட்டிவிடுவேன். கதவை அவ்வளவு நேரம் சாத்தக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. படித்திருந்தேன். இருந்தாலும் ஒருவருடைய பாதி வரிக்குள் இன்னொருவருடைய பாதி வரி வந்து விழுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காலை முழுக்க ஓட்டினோம். மணி, எண், மணி, எண். அக்கா நான்கில் எழுந்தாள், ஏழில் எழுந்தாள், ஒன்பதில் எழுந்தாள். எல்லாம் சரி. சாருக்கு அலுத்துவிட்டது.

"இன்னும் எவ்ளோ நேரம்மா? பள்ளிக்கூடத்துல மணி அடிக்கறவன்கூட நடுவுல டீ குடிக்கப் போவான்."

"ஒரே ஒரு சுத்து சார்."

அக்காவுக்குப் பன்னிரண்டு என்று எழுதிய சீட்டைக் கொடுத்தோம். பத்தாவது மணி அடித்தது. பலகையில் பத்து. நான் ஒரு நீள வரியைத் தொடங்கியிருந்தேன். தோழி திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டாள். சார் கடுப்பில் வேகமாக அடித்தார்: ஒன்று, இரண்டு, மூன்று. நான் நிறுத்தவில்லை. வரியை முடித்து, பொறியின் தாள் உருளையை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன்.

"மூணு," என்றேன்.

தோழி பத்தை அழித்துப் பதின்மூன்று என்று எழுதினாள்.

அக்கா உட்கார்ந்திருந்தாள். சார் அடுத்த மணியை அடித்தார். பதினான்கு. அக்கா உட்கார்ந்திருந்தாள். பதினைந்து, பதினாறு.

"அக்கா, நீங்க எழுந்திருக்கணும்," என்றேன்.

"எதுக்கு?"

"பன்னெண்டு ஆயிடுச்சில்ல."

அவள் சீட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "இதுல பன்னெண்டுன்னு போட்டிருக்கு. பலகையில பன்னெண்டு வரலியே. பத்து வந்துச்சு, அப்புறம் பதிமூணு வந்துச்சு. நான் எதுக்கு எழுந்திருக்கறது? இப்படியே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பேன்."

சார் சிரித்தார். "சரியான கவர்மென்டு ஆளும்மா நீ."

நானும் சிரித்தேன். தோழி சிரிக்கவில்லை. சாக்கட்டியைப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் நிரலின் அச்சுத்தாளை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். எண்ணிக்கை, எழ வேண்டிய எண்ணுக்குச் சமமா என்று அங்கே அவள் கேட்டிருந்தாள். சமம் என்றால் எழுப்பு. தட்டல் ஒவ்வொன்றாக வரும் வரை அந்தக் கேள்வியில் தவறே இல்லை. என் வரி முடிந்து, மூன்றை மொத்தமாகக் கூட்டும்போது, பன்னிரண்டு என்கிற எண்ணே வராமல் போகும். அதற்குக் காத்திருப்பவர் எழவே மாட்டார். நீள வரி வந்து எழும் நேரத்தின்மேல் சரியாக விழுந்தால் நிற்கும். விழாவிட்டால் முக்கால் மணி நேரம்கூட ஓடும். ஒரு வாரம் இதைத்தான் தேடியிருந்தோம்.

"தாளில எத்தன தடவ பாத்தேன்," என்றாள். "பாக்கும்போது எப்பவும் ஒன்னு ஒன்னாதான்டி கூட்டினேன்."

"என் வரிய நடுவுல நிறுத்தியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது," என்றேன்.

"நிறுத்தியிருந்தா நான் இதக் கண்டுபுடிச்சே இருக்க மாட்டேன்." அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, பன்னெண்டுக்கு மேல வாங்கன்னு சொன்னா எப்ப வருவீங்க?"

"பன்னெண்டுக்கு வருவேன். இல்ல பன்னெண்டரைக்கு வருவேன். பஸ்ஸப் பொறுத்து."

"அதான். அப்படித்தான் எழுதியிருக்கணும்."

சமம் என்பதைச் சமம் அல்லது அதற்கு மேல் என்று மாற்ற வேண்டும். நிரலில் ஒரே ஒரு குறி. ஆனால் மாற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். புதன்கிழமை வரவில்லை. அன்று முழுக்க அறிக்கையைக் கையால் எழுதித் தீர்த்தோம்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடைவீதியில் யாரோ ரேடியோ போட்ட சத்தம் கேட்டது; மின்சாரம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியைப் பாதியில் விட்டு ஓடினோம். சார் ஏற்கெனவே வெல்வெட்டை எடுத்து வைத்திருந்தார். "எவ்ளோ நேரம் இருக்குமோ தெரியாது. பேசாம வேலையப் பாருங்க."

தோழி குறியை உடனே மாற்றவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. முதலில் நிரலில் இயந்திரத்தின் தட்டல் வரும் வழியை அறுத்தாள். அந்த இடத்தில் இடைவெளி விசையை வைத்தாள். ஒரு முறை அழுத்தினால் ஒரு தட்டல். அழுத்தாவிட்டால் உள்ளே நேரம் நகராது. பழைய நிரலை அப்படியே ஓடவிட்டு, பத்தில் நிறுத்தி, ஒரு நீள வரியைக் கொடுத்தாள். நின்றது. மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அதே இடம். ஒரு வாரமாகக் கைக்குச் சிக்காதது, கூப்பிட்ட நேரத்தில் வந்து நின்றது. அப்போதுதான் குறியை மாற்றினாள். நிற்கவில்லை.

ஒரு முறை நிற்காததை வைத்து எதையும் நம்ப முடியாது. முக்கால் மணி நேரம் ஓடி ஏமாற்றிய நிரல் அது. உண்மையான தட்டலோடு ஒரு நாள் முழுக்க ஓடவிட எங்களிடம் நாளும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதனால் இடைவெளி விசைக்குப் பதிலாக ஒரு சின்னச் சுழற்சியை எழுதி, தட்டல்களை இயந்திரத்தால் முடிந்த வேகத்தில் ஊட்டினோம். அச்சுப்பொறியை அணைத்துவிட்டு, அச்சிடுவதுபோல நடிக்கச் செய்தோம். ஒரு பகல், ஓர் இரவுக்கான தட்டல்கள் சில நிமிடங்களில் ஓடி முடிந்தன. புள்ளிகள் நிற்கவில்லை.

"உள்ள நாளைக்கு இந்நேரம் ஆயிடுச்சு," என்றாள்.

"வெளிய இன்னும் வியாழக்கிழமதான்டி. மெதுவாப் போ."

உண்மையான தட்டலை மறுபடி இணைத்து, இரண்டு ஃபிளாப்பிகளில் நகல் எடுத்தோம். நிரலை அச்சிட விட்டோம். கடைசி நான்கு பக்கம் இருக்கும்போது மின்சாரம் போனது. அந்த நான்கு பக்கங்களை நானும் அக்காவும் கீழே தட்டச்சுப் பொறியில் ஆளுக்கு இரண்டாகத் தட்டினோம். அவள் தட்டியதில் ஒரு பிழைகூட இல்லை. ஒரு வார்த்தையும் புரியாமல் தட்டினால்தான் பிழை வராது என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு சைக்கிளில் கல்லூரிக்குக் கிளம்பினோம். தியாகதுருகம் தாண்டும் வரை நான்கு இடத்தில் மரம். சின்ன மரங்களுக்குச் சாலையோரமாக இறங்கி ஏறினோம். பெரிய மரங்களுக்கு ஒருத்தி இந்தப் பக்கமிருந்து சைக்கிளைத் தூக்க, இன்னொருத்தி கிளைமேல் நின்று வாங்கினாள். தார்ச்சாலை முழுக்கப் புளிய இலை சிதறிக் கிடந்தது. எப்போதும் லாரி இரைச்சலில் இருக்கும் நெடுஞ்சாலையில் எங்கள் சைக்கிள் செயின் ஓசை கேட்டது. அந்த அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சாலையில் கேட்டதில்லை.

எலவனாசூர்கோட்டையில் சாய்ந்திருந்தது நான் பார்த்ததிலேயே பெரிய புளியமரம். இருபது முப்பது பேர் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. தோழியின் அப்பா தோளில் துண்டோடு எழுந்து வந்தார். நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னாம்மா, நீ எங்க இங்க? அங்கியே இருன்னுதான சொல்லி அனுப்பிச்சேன்?"

"காலேஜுக்குப் போவணும்ப்பா. அஞ்சு மணிக்குள்ள குடுத்தாவணும். அந்த வேலக்கி."

அவருக்கு அந்த வேலை தெரியும். உத்தரவு வந்த நாளில் தெருவெல்லாம் படித்துக் காட்டியவர். மரத்தைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பீடியை எடுத்தார். "இன்னாண்ணே, ஊருக்கு ஒரு சட்டம், ஒங்க பொண்ணுக்கு ஒரு சட்டமா? நேத்து என் மச்சான் ட்ராக்டர திருப்பி அனுப்பனீங்களே."

"யார்ரா அப்படிச் சொன்னது?" என்றார் அப்பா. மகளிடம் திரும்பினார். "பாலு, ஆஸ்பத்திரி, சாவு. இது மூணுதாம்மா வுடறது. நான்தான் அந்த முறைய வச்சேன்."

"நடந்து போறவங்கள?"

அவர் மறுபடி மரத்தைப் பார்த்தார்.

"மரத்துமேல ஏறி எறங்கி நான் நடந்து போனா ஒங்க மறியல் ஒடஞ்சுடுமாப்பா?"

பீடிக்காரர் சிரித்தார். "போம்மா, யாரு வேணான்னா? நடந்தே போனா அடுத்த வெள்ளிக்கெழம போய்ச் சேருவ."

அப்போது பால் வந்தது. எங்கள் பின்னால் ஒரு மாட்டுவண்டியில் கேன்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் பண்ருட்டி வரை போகும் வேன் ஒன்று காத்திருந்தது. ஆட்கள் எழுந்து மரத்தின்மேல் வரிசையாக நின்று, கேன்களைக் கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அப்பாவும் வரிசையில் நின்றார். கடைசிக் கேனைக் கொடுத்ததும் அந்தப் பக்கம் குதித்து டிரைவரிடம் ஏதோ கேட்டார். திரும்பி மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அது இன்னா பாலாண்ணே?" என்றார் பீடிக்காரர்.

"கேனு உருளுது. புடிச்சிக்கினு போவ ஒரு ஆளு வேணுமாம்." அப்பா அவரைப் பார்க்காமலே சொன்னார். "நீ போறியா?"

பீடிக்காரர் பீடியைப் பற்றவைத்தார். இடம் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவள் மரத்தில் ஏறி இறங்கினாள். நான் மஞ்சள் பையை அப்பாவிடம் கொடுத்தேன். உள்ளே அறிக்கையும் இரண்டு ஃபிளாப்பிகளும். அவர் அதை அவளிடம் நீட்டி, "கேனுமேல வைக்காத, ஈரம். மடியில வச்சிக்க," என்றார். வேன் திருநாவலூர்ப் பக்கம் போய் மறைந்தது.

எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டார்கள். சாப்பிடும்போது அப்பா பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாப்பா, அந்தப் பையில அப்படி இன்னாதான் கீது?"

எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். "கம்ப்யூட்டருக்குள்ள நெறைய வேல இருக்கும்ப்பா. யாருக்கு எவ்ளோ நேரம், யாரு எப்ப எழுந்திருக்கணும்னு முறை வைக்கறது."

"ஏரித் தண்ணிக்கு வைக்கற மாதிரி."

"அதே மாதிரிதான்."

"அப்ப சண்ட வரும்," என்றார்.

"வந்துச்சு," என்றேன்.

சாலை திறந்து முதல் பேருந்தில் அவள் திரும்பி வந்தாள். பண்ருட்டியில் வேன் நின்றுவிட்டதாம். அங்கிருந்து ஒரு பள்ளி ஆசிரியரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மிச்ச தூரம் நடந்து, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்குள் போயிருக்கிறாள். எழுத்தர் ஒருவர் மட்டும் இருந்தார். பால் வாசனை வருகிறதே என்றாராம். ரசீதில் தேதியும் நேரமும் போட்டுக் கொடுத்தார். கல்லூரிக்குத் தேர்வாளர் வரச் சாலை இல்லாததால் வாய்மொழித் தேர்வு தள்ளிப் போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து இருவருமாகப் போனோம். தேர்வாளர் எங்கள் நிரலைக் காலையில் ஓடவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. இருவரும் தேறினோம்.

அவள் பெங்களூர் கிளம்பிய நாள் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். சேலம் வழியாகப் போகிற வண்டி. அப்பா பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கி வந்தார். அவள் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, இந்த வேல அவளுக்கு நம்ம கோட்டாவுல கெடச்சுதா?"

"இல்லப்பா. பொதுப் பட்டியல். மார்க்குல வந்துது."

அவர் தலையாட்டினார். மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் வெயிலில் குந்தியிருந்ததில் கறுத்த கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி நகரும்போது அவர் இரண்டு அடி கூடவே நடந்து, பிறகு நின்றார்.

"சரி," என்றார். "சின்னவளுக்கு ஆவும்."